ஒன்பது மணிக்குப் படுத்துவிடும் தளம்

பிரகதீஸ்வரியின் இணையதளம் தினமும் காலை ஒன்பது மணிவாக்கில் படுத்துவிடும். மறுநாள் விடியும்போது தானாக எழுந்து உட்காரும். ஏன் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அப்படியொன்றும் பிரமாதமான தளம் இல்லை. கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு எந்த பஸ் எப்போது வரும் என்று சொல்லும், அவ்வளவுதான். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். போகிற வழியிலும் வருகிற வழியிலும் கண்டக்டர்களை நச்சரித்து நேரங்களைக் கேட்டுக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் அட்டை வரைவாள். மேலே ஊர்ப் பெயர், கீழே பஸ் நேரங்கள், எல்லாம் சேர்ந்து ஒரே படம். ஏன் படம் என்றால், லிங்க் அனுப்பினால் யாரும் தொடமாட்டார்கள், வைரஸ் என்பார்கள். படம் அனுப்பினால் விரலால் பெரிதாக்கிப் பார்த்து, நாலு குரூப்புக்கும் தள்ளிவிடுவார்கள்.

சம்பளம் இல்லாத வேலை. அட்டையின் மூலையில் தன் பெயரைப் போடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

தளம் இருப்பது ஓர் இலவச சர்வரில். இலவசம் என்றால் ஒரு கட்டுப்பாடு இருக்கும்: ஒரு நாளைக்கு இவ்வளவு டேட்டாதான், தீர்ந்துவிட்டால் அன்றைக்குக் கடை மூடல். அது அவளுக்குத் தெரியும். தெரியாதது வேறு. பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்று எண்ணுவதற்கு ஒரு கவுண்டர் வைத்திருந்தாள். அது முந்நூறு என்றது. செலவான டேட்டாவோ ஐயாயிரம் பேர் பார்த்த அளவுக்கு இருந்தது. முந்நூறு பேர் சாப்பிட்ட பந்தியில் ஐயாயிரம் பேர் சோறு எங்கே போனது? படங்களின் எடையைக் குறைத்துப் பார்த்தாள். கவுண்டரை மாற்றிப் பார்த்தாள். அப்படியும் ஒன்பது மணிக்குத் தளம் படுத்துவிட்டது.

இந்த லட்சணத்தில் ப்ராஜெக்ட் ரிவ்யூ வந்தது. அந்தத் தளத்தையே அவள் ப்ராஜெக்டாக வைத்திருந்தாள். துறைத்தலைவர் அருள்தாஸ், வெளியாள் ஒருவர் பார்த்தால்தான் மதிப்பு என்று, டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ரகுநாத்தை அழைத்திருந்தார். மத்தியானம் லேபில் வகுப்பே சுற்றி நின்றது. தளம் வழக்கம்போல் மூடிக் கிடந்ததால், லேப்டாப்பில் இருந்த பிரதியைத்தான் அவளால் காட்ட முடிந்தது.

ரகுநாத் குனிந்து பார்த்தார். "இந்த கார்டெல்லாம் எங்கம்மா எடுத்த?"

"நானே செஞ்சது சார்."

"நீயே செஞ்சது!" அவர் சிரித்தார். "அருள்தாஸ் சார், கொஞ்சம் இங்கிட்டு வாங்க. இது எங்க சென்டர் சைட்ல இருக்கு. எங்க பயலுக மாசக்கணக்கா உக்காந்து செஞ்சத இந்தப் புள்ள அப்படியே தூக்கியிருக்கு."

தன் போனில் தளத்தைத் திறந்தும் காட்டினார். மேலே சென்டரின் பெயர் பளிச்சென்று வந்தது. கீழே அட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். "ஒங்க காலேஜ் நெட்டு ஜவ்வா இழுக்குது சார்" என்று சொல்லிவிட்டு, எப்போதோ ஸ்டேட்டஸில் வைத்த படத்தைத் தேடி எடுத்து நீட்டினார். சென்டரின் பெயருக்குக் கீழே வரிசையாக அவள் அட்டைகள். அதில் ஒன்று, 'மருதாயி கடை'.

பிரகதீஸ்வரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "சார், மருதாயி கடைன்னு ஒரு ஸ்டாப்பே கிடையாது சார். அங்க நானும் என்கூட பஸ்ல வர்ற கார்த்திகாவும் நின்னு கையக் காட்டுனா டிரைவர் அண்ணன் பாவம்னு நிப்பாட்டுவாரு. அது எப்படி சார் ஒங்க பயலுகளுக்குத் தெரிஞ்சுச்சு?"

"எங்களுக்குத் தெரியாத ஸ்டாப்பாம்மா?" என்றார் ரகுநாத், கொஞ்சமும் கூசாமல்.

அருள்தாஸ் அதற்குமேல் விசாரிக்கவில்லை. சென்டர் பெரியது, போர்டு பெரியது. பெண் பஸ்ஸில் வருகிறவள். "வெள்ளிக்கிழமைக்குள்ள காப்பியடிச்சேன்னு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடு. வேற ப்ராஜெக்ட் பண்ணு. இல்லன்னா இந்த வருஷம் பாஸ் பண்றத மறந்துரு" என்றார், நாற்பது பேர் கேட்க.

மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளின் மடியில் டிபன் பாக்ஸ் திறக்காமலே இருந்தது. அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது. தான் வெயிலில் நின்று கேட்டு எழுதிய நேரம். அதற்குத் தானே மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்!

"விடுடி, அந்த ஆளு சைட்டே ஒரு ஓட்ட சைட்டு" என்றாள் பக்கத்தில் இருந்த கார்த்திகா. "எங்க அண்ணன் அதுலதான் பஸ் பாப்பான். காலையில காலேஜ் போற நேரத்துக்கெல்லாம் படம் வராதாம். ஒன் சைட்டுக்கு மேல மோசம். ஒன் சைட்டு செத்தா அவன் சைட்டுக்கும் சேத்துக் கருமாதி போல."

பிரகதீஸ்வரி நிமிர்ந்தாள். "திருப்பிச் சொல்லு."

"என்னத்த? கருமாதியையா?"

"ரெண்டும் ஒரே நேரத்துல சாவுதா?"

ஆலங்குடி தாண்டுவதற்குள் போனில் ரகுநாத்தின் பக்கத்தைத் திறந்து, அதன் உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு அட்டை இருக்கும் இடத்திலும் ஒரு முகவரி இருந்தது. எல்லாம் அவளுடைய சர்வரின் முகவரி.

இது எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அதில் தெரியும் படம் அந்தப் பக்கத்துக்குள் ஒட்டியிருப்பதில்லை. 'இன்ன இடத்தில் படம் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்' என்ற முகவரி மட்டுமே இருக்கும். நம் போன் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை வாங்கி வந்து அங்கே பொருத்தும். முகவரி யார் வீட்டுடையது என்பதைப் பற்றிப் போனுக்குக் கவலையில்லை. ரகுநாத்தின் ஆட்கள் அட்டைகளைத் தங்கள் சர்வருக்கு நகல் எடுக்கும் சிரமத்தைக்கூடப் படவில்லை. முகவரியை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பந்தியில் இலை போட்டது அவர்கள், சோறு போனது இவள் அடுப்பிலிருந்து. அங்கே பார்த்தவர்கள் இவள் பக்கத்தைத் திறக்காததால் கவுண்டர் ஏறவில்லை. படம் மட்டும் போய்க்கொண்டே இருந்ததால் டேட்டா தீர்ந்தது. திருடியது அவர்கள், திருடி என்ற பெயர் இவளுக்கு. திருட்டுக்கான செலவும் இவளுக்கு!

"படத்தையெல்லாம் அழிச்சு விட்டுருடி, நாறட்டும்" என்றாள் கார்த்திகா.

"அங்க பாக்குறவனும் ரோட்டுல பஸ்ஸுக்குத்தாண்டி நிக்கிறான். ஒங்க அண்ணன் மாதிரி. அவன் என்ன பண்ணுனான்?"

வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் அறையில் ரகுநாத்தும் இருந்தார். பிரகதீஸ்வரி மன்னிப்பு லெட்டர் எதையும் நீட்டாமல் அவரிடம் திரும்பினாள்.

"சார், ஒங்க சைட்ட நீங்களே திறங்க. இந்தப் பெரிய ஸ்கிரீன்லயே திறங்க."

திறந்தார். சென்டரின் பெயருக்குக் கீழே வரிசையாக ஒரே அட்டை, அத்தனை கட்டத்திலும்: 'இந்த பஸ் அட்டைகளைச் செய்தவர் பிரகதீஸ்வரி. சரியான நேரம் பார்க்க இங்கே வாருங்கள்.' அடியில் அவள் தளத்தின் பெயர்.

ரகுநாத் எழுந்தேவிட்டார். "ஹேக் பண்ணிட்டா சார்! போலீஸ்ல குடுங்க!"

"ஒங்க சைட்ட நான் தொடவே இல்லீங்க. என் சர்வர்ல இருக்குற என் படத்தத்தான் மாத்துனேன். அது ஒங்க வீட்டுல ஏன் மாறுது?"

அருள்தாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க, இப்ப என் முன்னாடி ஏதாச்சும் மாத்து பாப்போம்."

அவள் லேப்டாப்பை மடியில் வைத்து, அட்டையில் ஒரு வரி சேர்த்து ஏற்றினாள். பெரிய திரையை ரெஃப்ரெஷ் செய்தார் அருள்தாஸ். எல்லாக் கட்டத்திலும் அந்த வரி வந்தது: 'மருதாயி கடையில் பஸ் நிற்காது. கை காட்டினால்தான் நிற்கும்.'

ரகுநாத் தன் சென்டர் பையன்களைத் திட்டியபடி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அருள்தாஸ் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, லெட்டர் வேணாம். ப்ராஜெக்ட்ட சப்மிட் பண்ணிரு."

"அது பத்தாது சார். லேப்ல எல்லார் முன்னாடியும்தான் என்னயக் காப்பியடிச்சேன்னு சொன்னீங்க."

"அதுக்கு?"

"இல்லைன்னு சொல்றதும் அங்கதான் சார் சொல்லணும்."

 அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அருள்தாஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். லேபில் அவர் சொன்னது இரண்டே வாக்கியம், அதுவும் கரும்பலகையைப் பார்த்தபடி. ஆனாலும் நாற்பது பேருக்கும் கேட்டது.

திரும்பும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அதெப்படிம்மா, அவருக்கு மட்டும் வேற படம் போவுது?"

படம் கேட்டு வரும் போன், பெரும்பாலும் எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் கேட்கும். பிரகதீஸ்வரி தன் சர்வரில் ஒரு விதி எழுதிவைத்திருந்தாள். என் தளத்திலிருந்து வந்தால் நேர அட்டையைக் கொடு. எங்கிருந்து என்று சொல்லாமல் வந்தாலும் கொடு. வேறு தளத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால், எடை குறைந்த பெயர் அட்டையை மட்டும் கொடு. அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி தாண்டியது, பத்து தாண்டியது, கடைசி பஸ்ஸும் போனது. தளம் திறந்தே இருந்தது.