என் மகன் பெயரில் ஓர் உதவித்தொகை

நீச்சல் கிளப்பின் செயலாளர் வருடத்துக்கு ஒரு முறை எனக்கு போன் செய்வார். மற்ற நாட்களில் எதிரே வந்தால்கூடக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு போகிற மனிதர், அன்றைக்கு மட்டும் தேன் ஒழுகப் பேசுவார். "அம்மா, இந்த வருஷமும் உங்க கையாலதான் கொடுக்கணும். நீங்க இல்லாம விழாவே இல்ல."

நான் கொடுக்க வேண்டியது என் மகன் பெயரில் இருக்கும் உதவித்தொகை. அவன் அந்த கிளப்பில் நீந்தியவன். பத்தொன்பது வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். கிளப் சுவரில் 'மறைந்தார்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மழுப்பலெல்லாம் ஆகாது. பெற்றவள் நானே சொல்கிறேன், சுவருக்கு என்ன வந்தது?

அவன் போனபின் ஊர் வாயை அடைக்க கிளப்காரர்கள் இதை ஆரம்பித்தார்கள். நன்றாக நீந்தி, கூடவே மனநலம் பற்றி மற்ற பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்கிற ஒருவருக்கு, வெளியூரில் பெரிய பயிற்சி நிலையத்தில் ஒரு வருடம் தங்கி நீந்துவதற்கான முழுச் செலவும் கிடைக்கும். பணம் போடுவது ஒரு மெத்தை கம்பெனி. 'நல்ல தூக்கம், நல்ல மனம்' என்று மேடைக்குப் பின்னால் பேனர் கட்டியிருப்பார்கள். அதில் என் மகன் முகமும் ஒரு இரட்டை மெத்தையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பார்த்தாலே வயிறு எரியும். ஆனாலும் போவேன். நான் போகாவிட்டால் எவனோ ஒரு பெரிய மனுஷன் மைக்கைப் பிடித்து, அவனை நேரில் பார்த்தவன் மாதிரி பேசுவான்.

குற்ற உணர்ச்சியில் போகிறேன் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். இல்லை. டாக்டரிடம் போய் அழுது, பேசி, அதையெல்லாம் இறக்கி வைத்துவிட்டேன். என்னிடம் மிச்சமிருப்பது கோபம்தான். அது நல்ல கெட்டியாக இருக்கிறது.

பிழைப்புக்கு நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பக்கத்து சீட்டில் என் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதனால் முகத்துக்கு நேரே என்னை 'பிரேக் அக்கா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை. "சார், கண்ணை எங்கயாவது வாடகைக்கு விட்டிருக்கீங்களா?" என்று நான் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். கற்க வருகிறவர்கள் சரி சரி என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் வேறொன்று செய்வார்கள். நான் வாயைக் கவனிப்பதே இல்லை.

விழா அன்று என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். கூரையில் 'பழகுநர்' பலகை வைத்த ஸ்கூல் காரிலேயே நான் தனியாகப் போனேன்.

இந்த வருடம் பரிசு சுறாவுக்கு. அது அவள் பெயரில்லை. தண்ணீரில் இறங்கினால் யாரையும் முன்னே விடமாட்டாள் என்பதால் கிளப் பிள்ளைகள் வைத்த பட்டம். பதினேழு வயது. அப்பா லிஃப்ட் மெக்கானிக், அம்மா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள், ஒரு தம்பி. பெண்கள் உடை மாற்றும் அறையில் கண்ணாடிக்கு மேலே சுறா தன் கையால் எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு. 'உன் தோழி சரியில்லை என்று தோன்றினால் நேராகக் கேள். சாகணும்னு தோணுதா என்று வாய்விட்டுக் கேள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.' போன வருடம்தான் அதை முதலில் படித்தேன். இந்தச் சின்னப் பெண்ணுக்கு இருக்கிற தெளிவு எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இல்லாமல் போயிற்றே என்று ஆளில்லாத அந்த அறையில் நின்று அழுதேன்.

விழா தொடங்கும் முன் முகம் கழுவ அந்த அறைக்குப் போனேன். சுறா தன் பையைப் பெஞ்சில் கொட்டி, சின்னப் பெண்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு நீச்சல் கண்ணாடி, ஒருத்திக்குத் தொப்பி, ஒருத்திக்குப் பையே. புது இடத்தில் எல்லாம் புதிதாகக் கிடைக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் குதித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேட்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு. நான் எதைத்தான் சரியா எடுத்துக்கிட்டேன்?"

சிரித்தாள். நல்ல சிரிப்பு. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "அண்ணா போனப்புறம், நீங்களும் அங்கிளும் எப்போலேர்ந்து ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சீங்க?"

"என்ன கேள்வி இது?"

"சும்மாதான். ஒரு வருஷம் ஆச்சா? அங்கிள் திரும்ப வேலைக்குப் போனாரா? உங்களுக்கு ஒரே பிள்ளை, அதான் ரொம்ப கஷ்டம். எங்க வீட்டுல தம்பி இருக்கான், அதனால அம்மாவுக்கு..." அங்கே நிறுத்திவிட்டாள். சிரிப்பு மட்டும் அப்படியே நின்றது.

 என்னிடம் ஜனங்கள் கேட்காத கேள்வி இல்லை. ஏன் செய்தான், எப்படிச் செய்தான், காதல் தோல்வியா, பரீட்சையா, வீட்டில் சண்டையா. எப்போது சாப்பிட ஆரம்பித்தீர்கள் என்று ஒரு ஆத்மா கேட்டதில்லை. அதைக் கேட்கிறவள், தான் போனபின் தன் வீடு எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்க்கிறாள். எனக்கு அதில் துளி சந்தேகம் இல்லை.

கண்ணாடிக்கு மேலே இருந்த அவள் எழுத்தையே படிப்பதுபோலக் கேட்டேன். "சாகணும்னு தோணுதாடி?"

அவள் திடுக்கிடவே இல்லை. "இல்ல ஆன்ட்டி. அப்படி எந்த எண்ணமும் இல்ல. மேடைன்னா கொஞ்சம் படபடப்பு, அவ்வளவுதான். தூக்கம் நல்லா இருக்கு. மனசு விட்டுப் பேச ஆள் இருக்காங்க. தேவைப்பட்டா கண்டிப்பா உதவி கேட்பேன்."

ஒரு சொல் பிசகவில்லை. அவளே எழுதிய கேள்வி. என்ன பதில் சொன்னால் ஆளை விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? டாக்டர், கோச், கவுன்சிலர், யார் உட்கார்ந்து கேட்டாலும் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு எழுந்து போவாள்.

அதனால் நான் தாளில் இல்லாததைக் கேட்டேன். "சரி. திங்கட்கிழமை காலையில என்கிட்ட ஒரு ஆள் வரலைன்னுட்டான். வண்டி சும்மாதான் நிக்கும். நீ வா, ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லித் தரேன்."

எதற்கும் சட்டென்று சரி சொல்கிற பெண். வாயைத் திறந்தாள், மூடினாள். ஈரத் தலையிலிருந்து தோளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"திங்கட்கிழமையா?" என்றாள்.

"ஆமா. நாளன்னிக்கு."

"தெரியல ஆன்ட்டி." பெஞ்சில் உட்கார்ந்தாள். விரல்களைப் பின்னிக்கொண்டு, அவிழ்த்து, மறுபடி பின்னினாள். "திங்கட்கிழமை எல்லாம் எனக்கு..."

கதவைத் தட்டினார்கள். செயலாளரும் கோச்சும். நான் வெளியே வந்து கதவை என் முதுகால் அடைத்துக்கொண்டு, குரலை அடக்கிச் சொன்னேன். "இந்தப் பொண்ணை இன்னிக்குத் தனியா விடாதீங்க. மேடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

கோச்சுக்கு வியர்த்தது. என் மகனுக்கும் அவர்தான் கோச். "என்னம்மா சொல்றீங்க? மத்த பசங்களுக்கே புத்தி சொல்ற பொண்ணு அவ. அவளுக்குப் போய்..."

செயலாளர் என் தோளைத் தொடுவதுபோல ஒரு பாவனை செய்தார். "உங்க மனசு எங்களுக்குப் புரியுதும்மா. உங்களுக்கு எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் உங்க மகன் மாதிரியே தெரியும். இயற்கைதான். கம்பெனிக்காரங்க வந்து உக்காந்தாச்சு, கொஞ்சம் ஒத்துழைங்க."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு சுறா வந்தாள். முகத்தைத் துடைத்துப் பளிச்சென்று இருந்தாள். "ஒண்ணுமில்ல சார். ஆன்ட்டி அண்ணாவை நினைச்சு கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. நாந்தான் சமாதானம் சொல்லிட்டிருந்தேன்."

பார்த்தீர்களா? பைத்தியக்காரி நானாகிவிட்டேன். அவர்கள் அவளை நடுவில் விட்டு, பூப்போல மேடைக்குக் கூட்டிப்போனார்கள்.

பாட்டு போட்டார்கள். திரையில் சுறா நீந்தினாள், சுறா பேசினாள், சுறாவைச் சுற்றிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். மேடைப் படி வரைக்கும் போனேன். ஏறி மைக்கைப் பிடித்துக் கத்தியிருப்பேன், என் குணத்துக்கு அதுதான் சரி. ஆனால் அவளை அத்தனை பேர் முன்னால் அம்மணமாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. திரும்பி முதல் வரிசைக்குப் போய், போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த அவள் அம்மாவின் காதருகே குனிந்து, கோச்சிடம் சொன்னதையே சொன்னேன்.

"நல்ல நாள்ல என்ன பேச்சு பேசறீங்க நீங்க!" என்று சீறினாள். லிஃப்ட் மெக்கானிக் எழுந்தே விட்டார். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. எல்லாக் கண்ணும் எங்கள் மேல்தான்.

"திட்டுங்க, அடிங்க, ஆனா ஒண்ணே ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இந்த வாரம் அவ வழக்கத்துக்கு மாறா எதுவும் சொன்னாளா?"

 போன் பிடித்த கை மடியில் இறங்கியது. "நேத்து வந்து என்னைக் கட்டிக்கிட்டுப் படுத்தா," என்றாள் மெதுவாக. "உன்மேல எனக்குக் கோபமே இல்லம்மான்னா. கோபம் எதுக்குடின்னேன். சும்மா சொன்னேன்னா."

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூப்பர் மார்க்கெட் சீருடை மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்த அந்தப் பெண் எழுந்து, மேடை ஏறி, கம்பெனி அதிகாரியை ஒதுக்கித் தள்ளிவிட்டு மகள் கையைப் பிடித்தாள். "வா, போலாம்."

"அம்மா, என்னம்மா இது, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். வா."

சுறா சிரித்தாள். இன்னும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு முட்டி மடங்கி அம்மா காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின் சீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவளை உட்கார வைத்தோம். உள்ளே ஒரு நர்ஸ் எங்கள் முன்னாலேயே அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஆமா," என்றாள் சுறா.

"எப்போன்னு நினைச்சிருந்தே?"

"இன்னிக்கு. எல்லாரும் தூங்கினப்புறம்." அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "பரிசை வாங்கிட்டா வீட்டுக்கு ஒரு சந்தோஷமாவது மிச்சம் இருக்கும்னு நினைச்சேன்."

லிஃப்ட் மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாள் முழுக்க அந்தரத்தில் கம்பியைப் பிடித்து வேலை செய்கிற மனிதர், தரையில் நிற்க முடியாமல் தவித்தார். அம்மாவோ மகள் கையை விடவே இல்லை. அழவும் இல்லை.

டாக்டர் வரும்வரை பெஞ்சில் காத்திருந்தோம். என் போன் அடித்தது. செயலாளர். "எப்படிம்மா இருக்கா? ஒண்ணுமில்லையே? வந்து... கம்பெனிக்காரங்க பரிசை ரெண்டாவதா வந்த பையனுக்கு அறிவிச்சுட்டாங்க. நாம என்ன பண்ண முடியும் சொல்லுங்க. வாங்கறவங்க ஒரு முன்னுதாரணமா இருக்கணும் இல்லையா?"

"யாருக்கு முன்னுதாரணம்? மெத்தைக்கா?" ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "மனசு சரியில்லாத பிள்ளைக்குக் கொடுக்க மாட்டீங்கன்னா அப்புறம் எதுக்குய்யா என் மகன் பேரு? அவனுக்கே கொடுத்திருக்க மாட்டீங்களே! எடுத்துடுங்க. நாளைக்கு அந்த பேனர்ல அவன் முகம் இருந்தா நானே வந்து கிழிப்பேன்." வைத்துவிட்டேன். 

நிமிர்ந்தால் சுறா என் முன்னால் நிற்கிறாள். முகம் சிவந்து, மூக்கு விடைத்து, நான் ஒருநாளும் பார்க்காத முகம்.

"கொடுத்துட்டாங்களா? வேற ஒருத்தனுக்கா?"

"ஆமாடா கண்ணு."

"அது என்னோடது! அவன் என்னைவிட ரொம்ப ஸ்லோ! காலையில இருட்டுல எந்திரிச்சு எந்திரிச்சு நான் நீந்தினது." மூச்சு வாங்கியது. "உங்களை யாரு கேட்டா? நீங்க யாரு எனக்கு? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க. இனிமே கிளப்புல என் மூஞ்சியை எப்படிக் காட்டுவேன்? அடுத்த வருஷம் நான் எங்க போய் நீந்துவேன்? சொல்லுங்க, எங்க போவேன்?"

"பெரியவங்களை அப்படிப் பேசாதடி," என்று அவள் அம்மா பதறி எழுந்து, அவள் வாயைப் பொத்த வந்தாள்.

"விடுங்கம்மா," என்றேன். "பேசட்டும். அடுத்த வருஷத்தைப் பத்தித்தானே கேட்கறா."  மகன் போன நாளிலிருந்து டாக்டரைத் தவிரப் பிறர் முன்னால் அழாதவள், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் நிறுத்தாமல் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.