கோளுக்குள் நடந்தவர்

இறந்து பதினோரு மாதமான ஃபிட்டர் செந்நிறக் கோளுக்குள் நடந்துகொண்டிருப்பதை முதலில் கண்டவள் அவருடைய மனைவி. அந்தக் கோளின் மண்ணில் இறக்கிய நிலநடுக்கம் அளக்கும் கருவிக்குக் கால்களைப் பொருத்தியவர் அவர். அது அனுப்பும் கோடுகளைப் பார்ப்பது அவளுடைய வேலை. எந்த அதிர்வும் இரண்டு அலைகளாக வரும். முன்னது தள்ளும், பின்னது உலுக்கும். நடுவிலுள்ள வினாடிகளை எண்ணினால் தூரம் தெரியும். பின்னது உருகிய பொருளைக் கடக்காது. வெட்டிப் பார்க்க முடியாத கோளின் வயிற்றை இப்படித்தான் அறிந்தார்கள்.

அன்று கோட்டில் ஓர் அதிர்வு ஊன்றியும் அடுத்தது இழுத்தும் வந்தன. தலைமை விஞ்ஞானி எட்டிப் பார்த்தார். கண்ட இரைச்சலையும் வடிகட்டச் சொல்வதால் அவருக்குச் சல்லடை என்று பெயர்.

"காத்தும்மா அது. அழிச்சு விடுங்க."

"காத்து எங்கயாவது நொண்டுமா சார்?"

சல்லடை நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைமுன் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடம் ஃபிட்டரின் அந்த நொண்டு நடைக்குப் பக்கத்தில் நடந்து டீ குடிக்கப் போனவர்.

அப்புறம்தான் அவள் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். அவர் இறந்தபின் எடுத்த நீண்ட விடுப்பு முடிந்து வந்த இந்த மூன்று வாரமும், ஆபீஸ் வழக்கப்படி, காற்று என்று எல்லா அதிர்வுகளையும் அவளே அழித்திருந்தாள். ஏட்டில் வினாடிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவை நாளுக்கு நாள் குறைந்து ஒன்றுமில்லாமல் ஆகியிருந்தன. கருவியின் காலடிவரை வந்து, ஒரு பகல் முழுக்கத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். இப்போது வினாடிகள் கூடிக்கொண்டிருந்தன.

கருவிக்கு ஒரு சுத்தியல் கை உண்டு.

"ஒரே ஒரு தட்டு, சார்."

"பாட்டரி இருக்கிற இருப்புல..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, தட்டுங்க" என்றார்.

தட்டினாள். நடை நின்றது. ஒன்பது நிமிடம் நின்றது. பிறகு கீழ்நோக்கிப் போனது.

நான்கு மாதம் இறங்கினார். மேலோட்டின் தடிமனும், பாறை மாறும் ஆழங்களும் அவர் காலடியிலேயே கிடைத்தன. ஒருநாள் முற்பகலில் முதல் அலை வந்தது, இரண்டாவது வரவில்லை. அவள் மாலைவரை பார்த்தாள்.

மகள் போனில் கேட்டாள்: "அப்பா இப்போ எங்கம்மா?"

"உருகின இரும்புக்குள்ள எறங்கிட்டாருடி. இனிமே எவ்ளோ தூரம்னு எண்ண முடியாது."

கோளின் உருகிய நடுக்கோளத்தின் எல்லையைச் சல்லடை கட்டுரையாக எழுதினார். அதிர்வின் காரணம் என்ற இடத்தில் 'ஃபிட்டர், எங்கள் நிறுவனம்' என்று போட்டார். யாரும் மறுக்கவில்லை. அவளும் மறுநாளிலிருந்து முதல் அலை வந்ததும் நேரத்தைக் குறித்துவிட்டு, இரண்டாவதற்குக் காத்திராமல் சாப்பிடப் போனாள்.