செல்வதுரை விற்ற வீடு

பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்த சங்கரபாண்டியன், யுத்தம் முடிந்த மறுவருஷம் தூத்துக்குடியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினான். ஓட்டுக்கூரை, மூன்று அறை, புறவாசலில் உப்புக்கரிக்கிற கிணறு. விற்ற செல்வதுரை கொழும்புக்குக் கருவாடு ஏற்றுகிற வியாபாரி. வீடு பார்க்கப் போன அன்று, பெண்டாட்டி பிள்ளைகள் கோயில் கொடை விழாவுக்காகப் புதுக்கோட்டை போயிருக்கிறார்கள் என்றான். ஆனியில் பத்திரம் பதிவானது. ஆடி கழியட்டும் என்று பொறுத்திருந்து, ஆவணி முதல் வெள்ளியன்று சங்கரபாண்டியனும் அவன் மனைவி இசக்கித்தாயும் குடியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

கதவைத் திறந்தவள் கையில் அகப்பை இருந்தது. பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள்.

“யாரு வேணும்?”

“செல்வதுரை இல்லையா? நாங்க வீட்டுக்கு வந்திருக்கோம்.”

“அவுக கொழும்புக்குப் போயி ஒரு மாசம் ஆச்சு. நீங்க யாரு?”

சங்கரபாண்டியன் விஷயத்தைச் சொன்னான். அவள் பெயர் சந்தனமாரி, செல்வதுரையின் மனைவி. முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்றாள். அவன் பத்திரத்தை விரித்தான். எழுத்து அவளுக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக்காரர் வந்து வாசித்துக் காட்டினார். புருஷனின் கையெழுத்து இருந்த இடத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டியபோது அவள் சிரிப்பு நின்றது.

“அவுக எங்கிட்டச் சொல்லாம ஒரு பானைகூட வாங்க மாட்டாக. வீட்டை விப்பாகளா? அவுக வரட்டும். அவுக வாயால சொன்னா நான் வீட்டை விட்டு இறங்குதேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாமான்கள் தெருவிலேயே கிடந்தன. காலி செய்த அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மில்லில் சேதி தெரிந்ததும் கூட்டாளி மாசானம் வந்து நின்றான். “ஏலே, நாலு பேரு போயி சட்டி பானையைத் தூக்கி வெளிய வச்சிட்டா சோலி முடிஞ்சுது. கேஸு கீஸுன்னு போனா உனக்குத் தலை நரைச்சிரும்.”

சங்கரபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டான். போகத்தான் நினைத்தான். இசக்கித்தாய் குறுக்கே வந்தாள்.

“அவளையும்தான ஏமாத்தியிருக்கான். அவ சட்டியத் தூக்கித் தெருவுல வச்சிட்டு நான் அங்கன எப்படிப் பொங்கித் திங்க?”

பொழுது சாயுமுன் மழை பிடித்துக்கொண்டது. நெல் மூட்டை நனைவதைச் சன்னல் வழியாகப் பார்த்த சந்தனமாரி, தானே கதவைத் திறந்து முன்னறையைக் காட்டினாள். “மழை விடுத வரைக்கும்தான்” என்றாள்.

மழை மறுநாளே விட்டது. அவர்கள் போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை. முன்னறை இவர்களுக்கு, பின்னறைகள் அவளுக்கு என்று தானாக ஆனது. இருந்ததோ ஒரே அடுப்படி. சந்தனமாரி சமைத்து முடித்து எழுந்த பிறகுதான் இசக்கித்தாய் உள்ளே போவாள். விடிந்ததும் சந்தனமாரி முன்னறை உட்பட வீடு முழுக்கப் பெருக்குவாள். தன் வீடு என்று அவளுக்கு நினைப்பு. சாமி படம் மாட்ட ஓர் ஆணி அடிக்கப் போன சங்கரபாண்டியனை, “சுவரு உதிரும் அண்ணாச்சி, அவுக வரட்டும்” என்று தடுத்துவிட்டாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் வெயிலில் நின்றான். சொந்த வீட்டில் ஆணி அடிக்க முடியாத ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது?

வக்கீலையும் போய்ப் பார்த்தான். வழக்கு போட்டால் ஜெயிக்கலாம், ஆனால் வருஷக்கணக்காகும் என்றார் அவர்.

ஐப்பசியில் காயல்பட்டினத்துப் பீர் முகம்மது கொழும்பிலிருந்து தோணியில் வந்து இறங்கினார். செல்வதுரையோடு தொழில் பழக்கம் உள்ளவர். சங்கரபாண்டியன் அவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தான்.

“பாய், எங்க வீட்டுக்காரவுகள அங்கன பாத்தியளா?” என்று கேட்டாள் சந்தனமாரி.

“பாத்தேனம்மா. அங்கன கடை எடுத்திருக்காரு. இங்கன வீட்டை வித்த காசைத்தான் அதுல போட்டேன்னாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“எங்களைப் பத்தி ஏதும் சொன்னாகளா?”

“பொஞ்சாதி அவ ஆத்தா வீட்டுல இருக்கான்னு சொன்னாரு.”

அவள் அழவில்லை. உள்ளே போய் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் போன பிறகு, பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த இசக்கித்தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஆத்தா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. கொடைக்குக்கூட அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். அது அவுகளுக்குத் தெரியாதா?”

இசக்கித்தாய் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

மறுநாள் காலை சந்தனமாரி முன்னறையைப் பெருக்கவில்லை. வேலைக்குக் கிளம்பிய சங்கரபாண்டியனை நிறுத்தி, “மில்லுல பொம்பளையாளு எடுக்காகளா அண்ணாச்சி?” என்று கேட்டாள். அவன் மேஸ்திரியிடம் பேசினான். நூல் சுற்றுகிற பகுதியில் இடம் கிடைத்தது. அவள் வேலைக்குப் போன நேரம் பிள்ளைகளை இசக்கித்தாய் பார்த்துக்கொண்டாள். அடுப்படியில் முறை வைப்பது நின்றது. யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் பொங்கினார்கள்.

கார்த்திகையில் மில்லுக்குப் பின்தெருவில் ஓர் அறை பிடித்துச் சந்தனமாரி வீட்டை விட்டு இறங்கினாள். மாசானம்தான் சாமான்களைத் தூக்கிவிட்டான். சங்கரபாண்டியன் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொன்னான்.

“வேண்டாம் அண்ணாச்சி. யாரும் போகச் சொல்லாதப்பவே போயிருதேன்.”

மாசியில் ஒரு சாயங்காலம் செல்வதுரை வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “ஏளா, மாரி!” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே காலை வைத்தான். இசக்கித்தாய் எழுந்து எதிரே வந்து நின்றாள்.

“இது நீங்க வித்த வீடு.”

அவன் காலைப் பின்னுக்கு எடுத்தான். “அவ எங்க இருக்கா?”

“அவளக் கேட்டுட்டுச் சொல்லுதேன். நாளைக்கு வாங்க.”

மறுநாள் சாப்பாட்டு மணிக்கு இசக்கித்தாய் மில் வாசலுக்குப் போய்ச் சொன்னாள். சந்தனமாரி தூக்குவாளியைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு சொன்னாள்:

“இடத்தைச் சொல்லு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு, அன்னைக்குத்தான் எனக்கு லீவு. பிள்ளைகளப் பாத்துட்டுப் போகட்டும்.”

“தங்கணும்னா?”

“அது ஒத்தை அறை. எங்க மூணு பேருக்குத்தான் பிடிச்சிருக்கேன்” என்று சொல்லி, ஊறுகாய்த் துண்டு ஒன்றை எடுத்து இசக்கித்தாயின் உள்ளங்கையில் வைத்தாள்.