பைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

டூரிஸ்ட் வேறு, டிராவலர் வேறு என்ற உண்மையை அவளுடைய கணவர் கைபேசியில்தான் கண்டுபிடித்தார். தண்ணீர் மோட்டார் கம்பெனியில் மேனேஜர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியைப் பின்னால் சாய்த்து வீடியோ பார்க்கிறவருக்கு ஞானம் பிறப்பதை யாரால் தடுக்க முடியும்? முதுகில் ஒரே ஒரு பையோடு தீவு தீவாகத் திரிகிற ஒரு தாடிக்காரனைப் பார்த்ததிலிருந்து மனிதர் நிலைகொள்ளவில்லை.

"பெட்டி இழுக்கறவன் டூரிஸ்ட். பை மாட்டறவன் டிராவலர். நாம டிராவலர்," என்று வீட்டில் அறிவித்தார்.

ஒரே நிறத்தில் ஐந்து முதுகுப் பைகள் வந்து இறங்கின. அவருக்கு, அவளுக்கு, கல்லூரியில் படிக்கும் மகளுக்கு, அவருடைய தங்கைக்கு, தங்கை கணவரான மாப்பிள்ளைக்கு. அந்தத் தாடிக்காரன் தனியாகத்தான் போனான் என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

"இதான்டி சுதந்திரம்," என்று தன் பையைத் தூக்கிக் காட்டினார். சுதந்திரத்துக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஃபிளாஸ்க், தலைச்சாயம், இரண்டு குடை, மாப்பிள்ளைக்கென்று தனியாக ஒரு தலையணை உறை, எல்லாம் இருந்தன.

அவளுக்குச் சுதந்திரமெல்லாம் வேண்டாம். கடலில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்று, தலையை ஒரு தரம் முழுசாக முக்கி எடுத்தால் போதும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கடற்கரைக்கே போகாதவளா என்றால் அதுவும் இல்லை. போயிருக்கிறாள், காவலுக்கு. கல்யாணமான புதிதில் போனபோது மடியில் குழந்தை. அப்புறம் போனபோது மாமியாரின் செருப்பும் பல்செட்டும். ஆபீஸ் டூரில் போனபோது ஊர்ப்பட்ட வாட்ச்சுகளும் பர்ஸுகளும். நம் குடும்பங்களில் தண்ணீரைக் கண்டதும் எல்லாரும் ஓடுவார்கள். ஓடுவதற்கு முன் ஒருத்தியை மணலில் உட்கார வைத்துவிட்டு ஓடுவார்கள். அந்த ஒருத்தி யார் என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது.

இந்தத் தடவை விடக்கூடாது என்று முடிவு செய்து, தண்ணீரில் இறங்கத் தோதான ஒரு பேண்ட்டை யாருக்கும் தெரியாமல் வாங்கிப் பையின் அடியில் வைத்திருந்தாள். அதற்கு விளம்பரம் தேவையில்லை என்று நினைத்தாள். ஆனால் நாத்தனார் கண்ணுக்குத் தப்புமா? "அண்ணி, இந்த வயசுல பேண்ட்டா!" என்று படகிலேயே ஊரைக் கூட்டிவிட்டாள்.

தீவில் தங்கியது பொது அறை ஒன்றில். இரும்புக் கட்டில்கள் மேலும் கீழுமாக இருந்தன. கீழ்க்கட்டில் மாப்பிள்ளைக்கு என்பதில் பேச்சுக்கே இடமில்லை. கணவர் ஏணியைப் பிடித்து மேலே ஏறி, கூரையில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டு, "இதுக்குப் பேர்தான் அனுபவம்," என்றார். கீழேயிருந்து மாப்பிள்ளை, "ஆமா மச்சான், சூப்பர்," என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் பூட்டோடு ஓர் இரும்புப் பெட்டகம் இருந்தது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவள் வேலை பார்ப்பது வங்கியின் லாக்கர் அறையில். அவள் கையில் ஒரு சாவி, வாடிக்கையாளர் கையில் ஒரு சாவி, இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். தன் சாவியைப் போட்டுத் திருகிவிட்டு அவள் வெளியே வந்து நிற்பாள். உள்ளே மற்றவர்கள் தங்கள் நகையை எடுத்து மாட்டி அழகு பார்ப்பார்கள். தீவுப் பெட்டகத்தின் கதவைத் தட்டிப் பார்த்தாள். கனமான தகடு.

"என்னங்க, நல்ல லாக்கர். எல்லாத்தையும் இதுல வெச்சிட்டுப் போயிடலாம்."

"யாரோ எவனோ போட்ட பூட்டு. அதை நம்பி மாப்பிள்ளை பர்ஸை வெக்கறதா?"

"ஊர் ஜனம் பூரா என்னை நம்பி நகையையே வெக்குது."

"அதான் சொல்றேன், நீதான் இருக்கியே! உன்னைவிட யாரு பத்திரமா பாத்துக்குவாங்க?"

பாராட்டுகிறோம் என்று நினைத்துதான் அந்த மனிதர் சொன்னார்.

ஆக, கடற்கரையில் ஒரு குடையை நட்டு, அதன் கீழே அவளை நட்டு, சுற்றி ஐந்து பைகளையும் இறக்கிவிட்டு எல்லாரும் ஓடினார்கள். 'நாளைக்கு நீ இறங்கு' என்பது முதல் நாள் பேச்சு. நாளைக்கு என்ற அந்த நாள் வந்தபோது, மாப்பிள்ளைக்கு அலையில் நிற்கப் பயமாக இருந்ததால் கணவர் கூடவே நிற்க வேண்டியதாயிற்று. அதற்கு மறுநாள் நாத்தனாருக்குத் தலைவலி. தலைவலியோடு தண்ணீரில் கிடந்தால் சுகமாக இருக்கிறதாம். மகள் இடுப்பளவு அலையில் கையை விரித்து நிற்க, அதை அம்மா படம் எடுக்க, 'தொலைந்து போவதே பயணம்' என்று எழுதி மகள் அதை நெட்டில் போட்டாள். உடனே, "அம்மா, போன் நனைஞ்சிடும், வெச்சுக்கோ," என்று அம்மா மடியில் போட்டுவிட்டுத் தொலைந்து போனாள்.

இதில் இன்னொரு கூத்து. வெயிலில் சிவந்து போன ஒரு வெளிநாட்டு ஜோடி, பைகளுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தது. அவள் அங்கே அதற்காகவே உத்தியோகம் பார்க்கிறாள் என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு? சைகையால் கேட்டார்கள், அவள் தலையாட்டினாள். அந்த ஜோடி இன்னொருவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கித்தார் வந்தது, கேமரா வந்தது, யாருடைய மூக்குக்கண்ணாடியோ வந்தது. கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் அவள் அதையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்தாள். திரும்பி வருகிறவர்களின் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டே எடுத்துக் கொடுத்தாள். ஆனால் எரிச்சல் மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தது.

கடைசி நாள் விடிந்தது. மதியப் படகில் கிளம்ப வேண்டும். காலையிலேயே அந்தப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டுதான் கடற்கரைக்கு வந்தாள். குடை, பைகள், ஓட்டம், எல்லாம் வழக்கம்போல நடந்தன. வெயில் ஏறிய பிறகு கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"நான் இறங்கிட்டு வரட்டுமா?"

"மாப்பிள்ளை இன்னும் கரையேறலையே. அவர் பர்ஸு உள்ள இருக்கு. வந்துரட்டும்."

மாப்பிள்ளை வந்தார். உப்புத் தண்ணீர் போகக் குளித்தார். இளநீர் குடித்தார். இன்னொரு இளநீரும் குடித்தார். நாத்தனார் குளிக்கப் போனாள்.

"இப்ப இறங்கட்டுமா?"

கணவர் மணியைப் பார்த்தார். "இனிமே எங்க? ஈரத்தோட படகுல ஏறுவியா? அடுத்த தடவை முதல்ல உன்னைத்தான் இறக்கறோம், போதுமா?"

அடுத்த தடவை! அவளுக்கு இன்னும் நாலைந்து வருஷத்தில் முட்டி மடங்காது. அப்போதும் கூட்டி வருவார்கள், உட்காரத்தான் முட்டி தேவையில்லையே. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். கோபம்தான் வந்தது, நன்றாகக் காரமாக.

"இங்க கொஞ்சம் உக்காருங்க," என்று எழுந்தாள்.

பாத்ரூமுக்கு என்று நினைத்து அவர் உட்கார்ந்தார்.

"இந்த கித்தார், கேமரா, அந்தச் சிவப்புப் பை எல்லாம் அடுத்தவங்களோடது. அவங்க வர்ற வரைக்கும் எந்திரிச்சிராதீங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஏய், எங்க போறே?"

அவள் பாத்ரூம் பக்கம் போகவில்லை. நேராகக் கடலைப் பார்த்து நடந்தாள்.

முதல் அலை அவளை மரியாதையில்லாமல் பிடித்துத் தள்ளியது. குப்புற விழுந்தாள். வாயிலும் மூக்கிலும் உப்புத் தண்ணீர் ஏறியது, கொண்டை அவிழ்ந்தது, உள்ளங்கை சிராய்த்தது. எழுந்து நின்று இருமினாள். அழகாக ஒன்றும் இல்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. இத்தனை காலம் இதைத்தானா நம்மிடம் மறைத்து வைத்திருந்தார்கள் என்று ஆத்திரம் வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கழுத்தளவு வரை நடந்தாள்.

கரையில் கணவர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். எழுந்து ஓடிவர வேண்டியதுதானே? முடியவில்லை. அடுத்தவர் சாமான் போனால் ஊர்விட்டு ஊர் வந்து வம்பு. பக்கத்திலேயே மாப்பிள்ளை வெட்டியாக நின்றுகொண்டிருந்தார். அவரிடம், 'கொஞ்சம் பாத்துக்குங்க' என்று சொல்லவும் இவருக்கு வாய் வரவில்லை. வீட்டு மாப்பிள்ளையைப் பைகளுக்குக் காவல் வைத்தார் என்ற பேச்சு வந்தால் அப்புறம் தலைகாட்ட முடியுமா? மாப்பிள்ளைக்கோ தானாக உட்காரலாமே என்று தோன்றவே இல்லை. அவர் ஆயுசில் யாரும் அவரை அப்படி உட்கார வைத்ததில்லை, பாவம்.

படகு ஊதியது. சாயங்காலம் இன்னொன்று உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெளிநாட்டு அம்மாள் ஈரத் துண்டையும் குழந்தையின் செருப்பையும் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்து, ஏதோ கேட்டாள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாரே! பல்லெல்லாம் தெரியச் சிரித்துத் தலையாட்டி வாங்கி வைத்துக்கொண்டார் டிராவலர்.

மகள் நீந்திப் பக்கத்தில் வந்தாள். கரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவைப் பாரேன். தனியா உக்காந்திருக்காரு. பாவம்மா."

அவள் தன் முகத்தில் ஒட்டியிருந்த முடியை விலக்கிவிட்டு மகளை நிதானமாகப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம் உக்காந்ததுக்கே பாவமாடி?"

பின்னால் பெரிய அலை ஒன்று வந்துகொண்டிருந்தது. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை முழுசாக முக்கினாள்.