திடலுக்கு வந்த பணம்

என் வீட்டுக்காரர் சித்தீக்குக்குப் பணம் கேட்கத் தெரியாது. இரண்டு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுப்பதற்காக எட்டு வருஷம் குவைத்தில் ரொட்டி சுட்டவர். சண்டை வந்ததும் உடுத்திய துணியோடு கூத்தாநல்லூருக்குத் திரும்பியவர். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கவே அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசுவார். அப்படிப்பட்டவருக்குத் தொண்ணூற்றிரண்டில் இடம் வாங்கி வீடு கட்டும் ஆசை வந்தது.

இடம், பஞ்சநதம் அண்ணனின் திடல். வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம், ஒரு மா, அதாவது முப்பத்து மூன்று சென்ட். இரண்டு லட்சம் சொன்னார். ஐந்து பேர் பங்கு போட்டு வாங்கி ஐந்து மனையாகப் பிரிப்பது, வீடுகளை இவரே கூட நின்று கட்டிக்கொடுத்து அந்தக் கூலியில் பிழைப்பது என்று திட்டம். எங்கள் பங்குக்கு என் வளையலும் சங்கிலியும் போய் முன்பணமாகிவிட்டன. மீதி நாலு பங்குக்குப் பேங்கில் கடன் தரத் தயாராக இருந்தார்கள். வட்டி ஹராம் என்று இவர் அந்தப் படியே ஏறவில்லை.

பஞ்சநதம் அண்ணனுக்கும் நெருக்கடி. மகன் தமிழரசனைச் சிங்கப்பூர் அனுப்ப ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டும்.

"ஆனி முடியறதுக்குள்ள ரிஜிஸ்டர் ஆயிடணும் தம்பி. ஆடியில நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆவணி வரைக்கும் ஏஜெண்டு காத்திருக்க மாட்டான். வலங்கைமான் ஆளு ஒருத்தரு முழுப் பணத்தோட நிக்கிறாரு, பாத்துக்குங்க" என்றார்.

இது நடக்காவிட்டால் இவருக்குச் சவூதியில், தம்மாமில் ஒரு விசா தயாராக இருந்தது. மறுபடியும் இவர் விமானம் ஏறுவார். நானும் மகள் நிலோஃபரும் மறுபடியும் போட்டோவோடு குடித்தனம் நடத்த வேண்டும். அந்த ஒரு மா நிலம் கிடைத்தால் எனக்குப் புருஷன் மிஞ்சுவார். அவ்வளவுதான் என் கணக்கு.

குவைத்தில் இவரோடு ஒரே அறையில் இருந்த நாலு பேர் இப்போது ரியாத்தில் இருந்தார்கள். போனில் கேட்கக் கூச்சம். அந்தக் காலத்து வழக்கப்படி கேசட்டில் பேசி, லீவு முடிந்து திரும்பும் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினார். அவர் பேசியதைக் கேட்டு எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஸலாம் சொல்லி, சர்வே நம்பர் வாசித்து, நாலு பக்கமும் யார் யார் நிலம் என்று ஒப்பித்து, இருமி, முடித்துவிட்டார். பங்கு போடுங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

பத்து நாள் கழித்து அலமாரியைத் திறந்தவளுக்குத் திக்கென்றது. பட்டுப்புடவைக்கு அடியில் நான் வைத்திருந்த கேசட்டைக் காணோம். புதுசு வாங்க மனசு வராமல், ஒரு பக்கம் காலியாக இருக்கிறதே என்று அதை எடுத்துப் பேசி அனுப்பியிருக்கிறார் இந்த மகராசன்! மறுபக்கம், எண்பத்தெட்டில், இவருடைய சின்னத் தங்கச்சி கல்யாணம் பாக்கியிருந்தபோது, நான் இவருக்கென்று பேசிப் பதிந்து, அனுப்பாமல் வைத்தது. இவரே கேட்டதில்லை. இப்போது நாலு அந்நிய ஆண்கள் கையில். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. மூன்று நாள் இவரோடு பேசவில்லை. ஏன் என்று இவருக்கும் விளங்கவில்லை.

ஆனி பத்தாம் தேதி ரியாத்திலிருந்து ஆள் வந்தது. நாலு டிராஃப்ட், ஒரு கேசட். டேப்பில் போட்டோம். அந்த நாலு பேரில் மூத்தவரான மூஸாவின் குரல்.

"சித்தீக்கு, நீ பேசினதயும், பங்கு வெவரத்தக் கேசட் கொண்டுவந்தவரு சொன்னதயும் கேட்டுட்டு, பாக்கலாம்னு வச்சுட்டோம். நம்ம ரூம் ஹாஜா மைதீன்தான், பாட்டு இருக்கும்னு திருப்பிப் போட்டான். தங்கச்சி, நாங்க கேட்டிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கம்மா. நிலோஃபர் புள்ள அத்தா போட்டோவுக்குச் சோறு ஊட்டுதுன்னு சொன்ன எடத்துலயே நிறுத்தியிருக்கணும். நிறுத்த மனசு வரல. நாலு பேரும் தட்டுல வச்ச கைய எடுக்கல. நாலு பங்கும் அனுப்பியாச்சு. எங்களுக்கும் வீட்டக் கட்டு, நாங்களும் ஒவ்வொருத்தரா வந்துடுறோம். அந்தக் கேசட்ட மட்டும் திருப்பிக் கேக்காதீங்க. எங்க வீட்டுல உள்ளவங்க சொல்லாம விட்டதெல்லாம் அதுலதான் இருக்கு."

இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆனி இருபத்தெட்டில் பத்திரம் பதிவாயிற்று. பஞ்சநதம் அண்ணன் ராகுகாலம் கழித்துக் கையெழுத்துப் போட்டு, வெற்றிலை பாக்கோடு பத்திரத்தைக் கொடுத்தார். தம்மாம் விசா வேண்டாமென்று இவர் அன்றே சொல்லியனுப்பினார்.

திரும்பும் வழியில் திடலில் இறங்கினோம். காலடியில் நெருஞ்சி குத்தியது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை இவர் அங்கேதான் கேட்டார்.

"நஜ்மா, அதுல என்னதான் பேசியிருந்தே?"

"பெருசா ஒன்னும் இல்ல. காசு வேணாம், வந்துடுங்கன்னு சொன்னேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன்."

இவர் கண் கலங்கிவிட்டது. "அனுப்பியிருக்கலாமே புள்ள. கேட்டிருந்தா மறு பிளைட்ல வந்திருப்பேனே."

"தெரியும் மச்சான். அதனாலதான் அனுப்பல."