வியாழக்கிழமைக் காய்ச்சல்

மார்ச் 3, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, நகரப் பேருந்துப் பணிமனையில் விடுப்பு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலை செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது.

பணிமனைச் சுவரில் ஒரு மாதிரி விடுப்புக் கடிதம் பல வருடங்களாக ஒட்டியிருந்தது. "காய்ச்சல் காரணமாக" என்று தொடங்கும். கல்யாணமானாலும் வீடு மாற்றினாலும் எல்லோரும் அதைப் பார்த்தே எழுதினார்கள். மென்பொருள் பழைய கடிதங்களையெல்லாம் படித்து, எழுதியதை அப்படியே நம்பியது.

இந்த வியாழனுக்கும் காய்ச்சல் என்று விண்ணப்பித்திருந்த ஏழாம் எண் பேருந்தின் ஓட்டுநருக்கு மதியமே செல்போனில் பதில் வந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழக்கிழமைகளில் அவருக்குக் காய்ச்சல் வருகிறது. எனவே இந்த வியாழன் காலை மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். கடைசி வரி: "இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?"

இரண்டு வருடமாக அந்த வியாழன்களில் அவர் மகளோடு நீச்சல் கற்றுவந்தார். இந்த வியாழன் காலைதான் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து நீந்தும் போட்டி.

அதே பேருந்தின் கண்டக்டர் அவருடைய மச்சினன்.

"பேசாம டாக்டர்கிட்ட போயிட்டு வந்துருங்க மாமா. பொண்ணுகிட்ட காய்ச்சல்னு சொல்லிடுங்க."

"அவகிட்டயுமா?"

"உங்களுக்குப் பழக்கம்தானே."

ஓட்டுநர் செல்போனை நீட்டினார். "ரெண்டு வருஷமா எனக்குக் காய்ச்சல். நீ ஒரு தடவை எப்படி இருக்குன்னு கேட்டிருப்பியா? இது கேக்குது. இதுகிட்ட இனிமே எப்படிடா பொய் சொல்றது?"

செவ்வாய்க்கிழமை மனிதவள அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னார்.

"நீச்சலா? நீங்களா?"

"மிதப்பேன் மேடம். முன்னால போறதுதான் கொஞ்சம் கஷ்டம்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். பணிமனையில் தொற்றுநோய் இருக்கலாம் என்று மென்பொருள் எச்சரித்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் எண்பத்து நான்கு பேர்.

"மூணாவது பேரைப் பாருங்க," என்றார். அது அதிகாரியின் பெயர். "எங்க அக்கா வீடு குடிபோனப்போ எழுதினது."

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். பரிசோதனை ரத்தானது. காரணம் என்ற இடத்தில் 'நீச்சல்' என்று போட்டு அதிகாரி விடுப்பு கொடுத்தார். சுவரிலிருந்த கடிதத்தையும் கிழித்தெடுத்தார்.

போட்டியில் ஐந்து ஜோடிகள். ஓட்டுநரும் மகளும் நான்காவதாக வந்தார்கள். ஐந்தாவது ஜோடியின் அப்பா பாதியில் கரையேறிவிட்டார். மகள் ஈரத்தோடு ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் விண்ணப்பித்தார்: "காய்ச்சல். இது நிஜம்." இரண்டு நிமிடத்தில் விடுப்பு கிடைத்தது.