சீல் தப்பிக்கும் ஓட்டை

ஹால்வாருக்கு என் வலையைக் கண்டாலே ஆகாது. கப்பலின் அடித்தளத்தில் கிரில்லை வேகவைத்து அரைத்து மாவாக்கும் ஆலைக்கு அவன் தலைவன். மேல்தளத்தில் வலைகளுக்கு நான். பதினேழு வருஷமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். சூப்பில் மீன் குறைந்தால்கூட "தோர்லைஃப் வலையில ஓட்டை" என்பான். அப்படி ஒரு பிறவி.

இந்தத் தடவை வலையில் நிஜமாகவே ஓட்டை வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான்.

கிரில் என்பது சுண்டுவிரல் நீளத்து இறால். அதைப் பிடிக்கப் பொடிக்கண்ணி வலை வேண்டும். அதைத் தின்ன வரும் சீல் என்ற கடல்நாயும் கூடவே வலைக்குள் நுழைந்துவிடும். சீல் மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டிய பிராணி. வழி கிடைக்காவிட்டால் சில நிமிஷத்தில் கதை முடிந்தது. எங்கள் வலையை அடிக்கடி ஏற்றுவதும் கிடையாது. வால் பக்கத்தில் ஒரு தடித்த குழாய் கிரில்லை நேராக ஆலைக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வலை வாரக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். உள்ளே எது செத்துக் கிடந்தாலும் வலையை ஏற்றும் நாள்வரை ஒருத்தருக்கும் தெரியாது.

அதனால் போன விடுமுறை முழுக்கப் படகுக் கொட்டகையில் உட்கார்ந்து புதிதாக ஒரு தடுப்பு தைத்தேன். அகலக் கண்ணி. பின்னோக்கிச் சரிந்து மேலே ஏறும். கிரில் கண்ணிகளுக்குள் நழுவிப் பின்னால் போய்விடும். சீல் சரிவோடு மேலே ஏறி, கூரையில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போய்விடும். என் மனைவி ஸோல்வைக் எட்டிப் பார்த்து, "சீலுக்கு மாடிப்படி கட்றியாக்கும்! நம்ம வீட்டு மாடிப்படி ரெண்டு வருஷமா உடைஞ்சு கெடக்கு, அது கண்ணுக்குத் தெரியல" என்றாள். கலை தெரியாத குடும்பம்.

முதலாளிகள் ஒரே ஒரு பருவம் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். தேறினால் நான்கு கப்பல்களுக்கும் என் தடுப்பு. தேறாவிட்டால் மூட்டை கட்டிக் கடாச வேண்டியதுதான். பிப்ரவரி மூன்றாம் வியாழக்கிழமை கேப்டன் ஒட்வார் ஒரு வரியில் பதில் அனுப்ப வேண்டும்.

தென்துருவக் கடலில் தெற்கு ஓர்க்னித் தீவுகளுக்குப் பக்கத்தில் வலையை இறக்கினோம். மணிக்கு இருபது டன் வர வேண்டிய இடத்தில் பதின்மூன்று வந்தது. ஹால்வார் படியேறி வந்தான்.

"யோவ், கிரில்லு வலைக்குள்ள போகுதா, இல்ல உன் மாடிப்படியில ஏறி ஊருக்குப் போகுதா?"

"உன் பம்பைப் பாருய்யா. தூசி அடைச்சிருக்கும், உன் மண்டை மாதிரி."

"பம்பு புதுசு. சோனார்ல செவசெவன்னு கூட்டம் தெரியுது. கெழவா, ஒத்துக்கோயேன், உன் தையல்ல கோளாறு."

"என் தையல்ல கோளாறுன்னா என் மீசையை எடுத்துக்கறேன்!"

இப்படியே பன்னிரண்டு நாள். பம்பைத் திட்டினேன், நீரோட்டத்தைத் திட்டினேன், கப்பல் வேகத்தைத் திட்டினேன், கிரில்லின் பரம்பரையைத் திட்டினேன். சிலி நாட்டிலிருந்து கண்காணிப்பாளராக வந்திருந்த ஹிமேனா ஒரு குறிப்பேட்டோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை, வலைக்குள் என்ன வந்தது, என்ன செத்தது என்று எண்ணி எழுதுவது. அந்தப் பெண் ஒரு சொல் பேச மாட்டாள். அது வேறு எரிச்சலாக இருந்தது.

கேப்டன் பதில் அனுப்ப வேண்டிய வியாழன் காலை வலையை ஏற்றினோம். தடுப்பு மேல்தளத்துக்கு வந்ததும் வலையை இழுக்கும் வின்ச்சை நிறுத்தச் சொல்லி ஹிமேனா கையைத் தூக்கினாள்.

உள்ளே ஒரு சீல் இருந்தது. சின்னது, ஒரு வயசுகூட இருக்காது. வலையின் கூரை மூலையில் மூக்கைக் கண்ணிக்குள் திணித்தபடியே விறைத்துப் போயிருந்தது. மேலே போகத்தான் கடைசிவரை முட்டியிருக்கிறது. கூரையில் ஓட்டை இல்லை.

கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "தடுப்பை அறுத்துடு தோர்லைஃப். கிரில்லும் போச்சு, இதுவும் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மற்றவர்களும் போனார்கள்.

நான் கத்தியோடு குனிந்தேன். ஓட்டை எங்கே போச்சு? வலையின் வயிற்றுப் பக்கத்தில் 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

கிளம்பும் முன் மான்டிவீடியோ துறைமுகத்தில், சுற்றி வைத்திருந்த டிரம்மிலிருந்து வலையை உருட்டி இறக்கியிருந்தோம். எங்கள் டிரம்மிலிருந்து இறங்கும் வலை எப்போதும் வயிறு வானத்தைப் பார்க்க மல்லாந்துதான் கிடக்கும். இது எங்கள் கப்பலில் ஏறிய முதல் வாரத்திலேயே எவனுக்கும் தெரிந்துவிடும். என் தடுப்போ டிரம்மில் ஏறாதது. கொட்டகையிலிருந்து நேராகப் பெட்டியில் வந்தது. அதை ஓட்டை மேலே இருக்க, அழகாக, நேராக வைத்து, மல்லாந்து கிடந்த வலையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். கடலில் வலை புரண்டதும் கூரை வயிறாகிவிட்டது. சரிவில் முட்டிய கிரில் மூன்றில் ஒரு பங்கு கீழே வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. சீல் மேலே முட்டியிருக்கிறது.

அன்றைக்குத் துறைமுகத்தில் வெங்காய மூட்டையோடு போன சமையல்காரன் குட்முன் நின்று, "ஏன்யா, வலை ஒரு பக்கம் பாக்குது, உன் ஓட்டை இன்னொரு பக்கம் பாக்குது?" என்று கேட்டான். "நீ போய் உருளைக்கிழங்கை உரி" என்று விரட்டிவிட்டேன்.

கத்தி கையிலேயே இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. அறுத்துச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டால், 'அந்த யோசனை தேறவில்லை' என்று பேர் வரும். 'தோர்லைஃபுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது' என்று வராது. யோசனைக்கு என்ன, பெண்டாட்டியா, ஊரா? எனக்கு இரண்டும் இருக்கிறது. அறுக்கவும் முடியவில்லை, அறுக்காமல் இருக்கவும் முடியவில்லை. கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.

எங்கள் கப்பல்களில் வியாழக்கிழமைக்கும் ஞாயிறு மரியாதை உண்டு. வறுத்த இறைச்சி, ஐஸ்கிரீம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். கேப்டன் தட்டுக்குப் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார்.

"'தடுப்பு தேறல, மத்த கப்பலுக்கு வேணாம்.' இவ்ளோ போதும்ல?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் கரண்டியைத் தட்டில் வைத்தேன்.

"அனுப்பாத, ஒட்வார்."

"ஏன்?"

"தடுப்பு நல்லாத்தான் இருக்கு. நான்தான் தலைகீழாத் தெச்சுட்டேன்."

பம்பு நின்றிருந்த நேரம். ஐஸ்கிரீம் கரண்டி தட்டில் படுவது கேட்டது. ஹால்வார் மெதுவாகத் திரும்பினான்.

"இன்னொரு தடவை சொல்லு."

"காது கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுச்சு. சுகமா இருந்துச்சு, அதான்."

அவ்வளவுதான், மேஜையே அதிர்ந்தது. இயந்திர அறைக்காரன் ஒருத்தன் மூக்கு வழியாகக் காப்பியை வெளியே விட்டான். "நான் அன்னிக்கே கேட்டேன்! உருளைக்கெழங்கு உரின்னான்!" என்று சமையலறையிலிருந்து குட்முன் கத்தினான். மீசை எப்போது என்று ஒருத்தன் கேட்டான். சிரிக்கட்டும் என்று குனிந்துகொண்டேன். காதெல்லாம் எரிந்தது.

ஹிமேனா மட்டும் சிரிக்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்தாள்.

"சீல் செத்ததுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. 'வலையோட அமைப்பு'ன்னு எழுதியிருக்கேன். மாத்தணுமா?"

"மாத்தும்மா. வலைக்காரன்னு எழுது."

"பேரோடயா? இதை இங்க கிரில் பிடிக்கிற எல்லா நாட்டுக்காரங்களும் படிப்பாங்க."

சீலின் அந்தச் சின்ன மூக்கு என் கண்ணிலேயே நின்றது.

"பேரோட எழுது" என்றேன்.

கேப்டன் தான் அடித்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். நான் ஐஸ்கிரீமைத் தொடாமல் எழுந்து மேல்தளத்துக்குப் போனேன்.

தடுப்பைப் பிரித்துத் திருப்பித் தைக்க ஆறு மணி நேரம் பிடிக்கும். விரல் மரத்துப்போகிற குளிர். அரை மணி கழித்து ஹால்வார் வந்தான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தால் கத்தியால் குத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். கடைசிவரை திறக்கவில்லை.

கடைசி முடிச்சுக்கு முன்னால் என் கை நின்றுவிட்டது. மேல் கயிற்றைப் பார்த்தேன், ஓட்டையைப் பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். என் கண்ணை நானே நம்பவில்லை. முப்பத்தொரு வருஷத் தொழிலில் இன்னொருத்தனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னதே இல்லை.

"ஹால்வார்... எது மேல, எது கீழன்னு நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு."

சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் முட்டி போட்டு, கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே இரண்டு தடவை சுற்றி வந்தான்.

"சரியா இருக்கு" என்றான். "எறக்கு."